சேர்த்துத் தொழுவதா, நேரத்தில் தொழுவதா? சிரமம் வரும்போது கிழக்கிலுள்ளோர் தேர்ந்தெடுக்க வேண்டிய வழி

கொழும்புக்கு பஸ் ஏறப் போகிறவர், வாரத்தில் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ் கட்டிலில் கிடக்கிறவர், மாரி மழையில் ஜமாஅத்தை நடத்தும் இமாம், அறுவடைக் காலத்தில் வட்டையில் நிற்கிற விவசாயி. இந்த நால்வரும் கேட்பது ஒரே கேள்விதான்: “ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாமா?” ஆனால் நால்வருக்கும் பதில் ஒன்றல்ல. ஒருவருக்குச் சேர்ப்பது தாராளமாக ஆகும். இன்னொருவருக்குச் சேர்க்கவே தேவையில்லை. மூன்றாமவர் சேர்த்துத் தொழுதால் அவருடைய அஸர் நிறைவேறவே இல்லை என்றாகிவிடும்.

இலங்கையின் கிழக்கில் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி முதல் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபின்படி (இஸ்லாமியச் சட்ட மரபுகள் நான்கில் ஒன்று) தொழுகிறவர்கள். ஆகவே அதையே அடிப்படையாக வைத்து, தேவையான இடத்தில் மற்ற மத்ஹபுகளையும் தொட்டு, இருக்கிற நான்கு வழிகளை இங்கே ஒப்பிடுகிறோம்.

## தேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று குர்ஆன் (4:103) சொல்கிறது. மார்க்கத்தில் உங்கள் மீது நெருக்கடியை அவன் ஆக்கவில்லை என்றும் சொல்கிறது (22:78). இரண்டையும் ஒருங்கே வைத்துத்தான் இந்த மஸ்அலாவை (மார்க்கச் சட்டக் கேள்வியை) அணுக வேண்டும்.

முதலாவது, காரணம். பயணமா, மழையா, நோயா, தொழிலா? ஷாபிஈ மத்ஹபில் பயணமும் மழையும் தெளிவான காரணங்கள். நோயில் கருத்து வேறுபாடு உண்டு. வெறும் வேலைப்பளு காரணமாகாது.

இரண்டாவது, அந்தக் காரணம் எவ்வளவு நேரம் நீடிக்கும்? பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். பயணம் எந்த இடத்தில் முடிகிறது, மழை எப்போது விடுகிறது என்பதில்தான் சேர்ப்பு செல்லுமா செல்லாதா என்பது தங்கியிருக்கிறது.

மூன்றாவது, இரண்டு தொழுகை நேரங்களில் எது உண்மையில் உங்கள் கையில் இருக்கிறது? வுழூ (தொழுகைக்கான அங்கசுத்தம்), இடம், கிப்லா (தொழும் திசை) மூன்றும் எப்போது கிடைக்கும்?

நான்காவது, சேர்ப்பதால் ஜமாஅத் தவறுமா? அல்லது சேர்த்தால்தான் ஜமாஅத் கிடைக்குமா?

சேரும் சோடிகள் இரண்டே: ளுஹரும் அஸரும், மஃரிபும் இஷாவும். ஸுபஹ் எதனுடனும் சேராது. அஸரும் மஃரிபும் ஒருபோதும் சேரா. நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கும் கஸ்ர் வேறு சலுகை, அது பயணத்துக்கு மட்டும் உரியது. மழைக்காகவோ நோய்க்காகவோ சேர்ப்பவர் ரக்அத்களைக் குறைக்கக் கூடாது.

## நமது நேரங்கள் இடம் தருகின்றன

இணையத்தில் சுற்றும் பல பத்வாக்கள் ஐரோப்பாவில் வாழ்வோருக்குச் சொல்லப்பட்டவை. அங்கே கோடையில் இஷா நள்ளிரவை நெருங்கும், குளிர்காலத்தில் ளுஹருக்கும் அஸருக்கும் இடையே ஒன்றரை மணி நேரம்தான் இருக்கும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அப்படி இல்லை. இங்கே ளுஹர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 11.50க்கும் 12.20க்கும் இடையில் நுழைகிறது. அஸர் நவம்பரில் 3.10 அளவிலும் ஜூலையில் 3.35 அளவிலும் வருகிறது. சூரியன் மறைவது நவம்பர் நடுவில் 5.40ஐ ஒட்டி, ஜூலையில் 6.25ஐ ஒட்டி. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே எந்த மாதத்திலும் சுமார் 70 முதல் 75 நிமிடம்.

அதாவது ளுஹருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், அஸருக்கு இரண்டரை மணி நேரமளவு, இஷாவுக்கு ஸுபஹ் வரை. நெருக்கடி உண்மையில் மஃரிபில் மட்டும்தான். “வேலையில் நேரமே கிடைக்கவில்லை” என்று சொல்வோர் பலருடைய சிக்கல், இந்த நேரங்களைத் தாளில் எழுதிப் பார்த்தாலே தீர்ந்துவிடும்.

## வழி 1: விளிம்பில் இரண்டும் (ஜம்உ ஸூரி)

ளுஹரை அதன் நேரத்தின் கடைசியில் தொழுது, சில நிமிடத்தில் அஸர் நுழைந்ததும் அஸரைத் தொழுவது. பார்வைக்குத்தான் இது சேர்ப்பு. உண்மையில் இரண்டும் அதனதன் நேரத்திலேயே நிறைவேறுகின்றன. எனவே எந்தக் காரணமும் தேவையில்லை, நான்கு மத்ஹபும் ஏற்கும். ஹஜ்ஜின்போது அரபா, முஸ்தலிபா ஆகிய இடங்களில் தவிர வேறெங்கும் சேர்ப்பதை ஏற்காத ஹனபி மத்ஹபிலும் இது ஆகும். தொடர் உதிரப்போக்கால் சிரமப்பட்ட ஹம்னா பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்களுக்கு ளுஹரைப் பிற்படுத்தி அஸரை முற்படுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் காட்டிக்கொடுத்ததும் இந்த வகைதான்.

செய்முறை: அஸர் 3.15 என்றால் 3.00க்கு வுழூவோடு தயாராகி, 3.05க்குள் ளுஹரை முடித்து, 3.15க்குப் பின் அஸர். ஒரே வுழூ போதும். மஃரிபில் இன்னும் பேணுதல் வேண்டும். செவ்வானம் மறையும் கணத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது, ஆகவே இஷா நேரத்துக்குக் குறைந்தது கால் மணி நேரம் முன்பே மஃரிபை முடித்துவிடுங்கள்.

இதன் மறைமுக விலை, முதல் தொழுகையின் ஜமாஅத்தும் ஆரம்ப நேரத்தின் சிறப்பும் போய்விடும். கடிகாரத்தில் கவனம் பிசகினால் ளுஹர் கழாவாகும் (நேரம் தவறிய தொழுகையாகிவிடும்). பள்ளிவாசல் பக்கத்திலேயே இருக்கும்போது தினமும் இப்படிச் செய்வது நல்ல பழக்கமல்ல.

நெல் வெட்டும் மெசினை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து இறக்காமத்திலோ சம்மாந்துறையிலோ வட்டையில் நிற்பவருக்கும், கரைவலை இழுத்து முடியும் வரை கயிற்றை விட முடியாதவருக்கும், கடையில் தனியாக நிற்பவருக்கும், அரசாங்க வேலையில் இருப்பவருக்கும் இதுதான் வழி. இவர்கள் தக்தீம் (முற்படுத்திச் சேர்த்தல்), தஃகீர் (பிற்படுத்திச் சேர்த்தல்) என்று தேடிப் போகவே தேவையில்லை.

## வழி 2: முற்படுத்திச் சேர்த்தல் (ஜம்உ தக்தீம்)

அஸரை ளுஹரின் நேரத்துக்கு, அல்லது இஷாவை மஃரிபின் நேரத்துக்குக் கொண்டுவருவது. பயணிக்கும் மழைக்கும் ஆகும். நிபந்தனைகள் நான்கு:

- வரிசை: முதலில் ளுஹர், பிறகு அஸர். மாற்றித் தொழுதால் அஸர் செல்லாது.
- நிய்யத்: சேர்க்கிறேன் என்ற எண்ணம் முதல் தொழுகையின் ஸலாமுக்கு முன் மனதில் வந்திருக்க வேண்டும்.
- தொடர்ச்சி: இடையில் சுருக்கமான இரண்டு ரக்அத் அளவுக்கு மேல் இடைவெளி கூடாது. இகாமத் சொல்லலாம். சுன்னத் தொழுவது, தேத்தண்ணீர் குடிப்பது, கதைப்பது எல்லாம் பின்னர்.
- காரணம் நீடித்தல்: பயணம் என்றால் இரண்டாம் தொழுகையைத் தொடங்கும் வரை பயணியாக இருக்க வேண்டும்.

இதன் பலம் மனநிம்மதி. பஸ் எங்கே நிற்கும், தண்ணீர் கிடைக்குமா என்ற கவலை இல்லை. ஒட்டிய நேரத்தில் தயாராக இருந்து ஏறிவிடலாம். தக்தீமாக இஷா தொழுதவர் உடனே வித்ரும் தொழுதுகொள்ளலாம்.

மறைமுக விலை அந்த நான்கு நிபந்தனைகளே. அடிக்கடி நடக்கும் தவறு, பயணம் போக உடுத்திக்கொண்டு, வீட்டிலேயே அல்லது ஊர்ப் பள்ளிவாசலிலேயே இரண்டையும் சேர்த்துவிட்டு பஸ் ஏறுவது. ஊர் எல்லையைத் தாண்டாதவர் இன்னும் பயணியல்லர். அவருடைய ளுஹர் செல்லும். அஸரை அதன் நேரத்தில் மீண்டும் தொழ வேண்டும்.

## வழி 3: பிற்படுத்திச் சேர்த்தல் (ஜம்உ தஃகீர்)

ளுஹரை அஸரின் நேரத்துக்கு, மஃரிபை இஷாவின் நேரத்துக்குத் தள்ளுவது. நிபந்தனை குறைவு: முதல் தொழுகையின் நேரம் முடிவதற்குள், அதைத் தொழும் அளவு நேரம் மிஞ்சியிருக்கும்போதே, “பிற்படுத்திச் சேர்க்கிறேன்” என்ற எண்ணம் வந்திருக்க வேண்டும். இரண்டும் முடியும் வரை பயணமும் நீடிக்க வேண்டும். வரிசையும் தொடர்ச்சியும் இங்கே சுன்னத்தே. நிய்யத் வைக்காமல் தூங்கிப்போவது வேறு. நிய்யத் இல்லாமல் அலட்சியமாகத் தள்ளிவிட்டால் அது சேர்ப்பே அல்ல, கழா. குற்றமும் உண்டு.

சூரியன் சாய்வதற்கு முன் புறப்பட்டால் நபி (ஸல்) அவர்கள் ளுஹரை அஸர் வரை பிற்படுத்தினார்கள் என்றும், சாய்ந்த பின் புறப்பட்டால் ளுஹரைத் தொழுதுவிட்டு வாகனம் ஏறினார்கள் என்றும் அனஸ் (ரழி) அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ளுஹர் நேரத்தில் ஓட்டத்தில் இருப்பவருக்குத் தஃகீர், அந்நேரத்தில் தங்கி இருப்பவருக்குத் தக்தீம் என்று ஷாபிஈ அறிஞர்கள் பிரித்ததற்கு அடிப்படை இப்படியான அறிவிப்புகளே.

இதன் மறைமுக விலையை அனேகர் கவனிப்பதில்லை. கொழும்பிலிருந்து காலை புறப்பட்டு மாலை 4.30க்குக் காத்தான்குடிக்குள் நுழைபவர் ளுஹரைத் தள்ளி வைத்திருக்கிறார் என்று வையுங்கள். சொந்த ஊரின் எல்லையைத் தொட்ட கணமே பயணம் முடிந்தது. அவருடைய ளுஹர் அப்போதே கழாவாக மாறுகிறது. குற்றமில்லை, ஆனால் ளுஹர், அஸர் இரண்டையும் நான்கு நான்கு ரக்அத்தாகவே தொழ வேண்டும், கஸ்ர் போயிற்று. வழியில் ஓட்டமாவடியிலோ ஏறாவூரிலோ ஒரு பள்ளிவாசலில் பத்து நிமிடம் இறங்கியிருந்தால் இரண்டையும் இரண்டிரண்டாகச் சேர்த்து முடித்திருக்கலாம்.

## வழி 4: சேர்க்காமல், நேரத்தில், இயன்றபடி

பலர் மறந்துவிடும் வழி இது. நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் விலாப்புறமாகப் படுத்து என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் உண்டு. தண்ணீர் பட்டால் தீங்கு என்றால் தயம்மும் (மண்ணால் செய்யும் சுத்தம்). தண்ணீர் குறைவு என்றால், நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவுத் தண்ணீரில் வுழூச் செய்திருக்கிறார்கள். அது ஒரு லீற்றருக்கும் குறைவு, ஒரு போத்தலில் அடங்கிவிடும்.

நேரம் தவறாது, எந்தக் கருத்து வேறுபாட்டிலும் சிக்காது என்பது இதன் பலம். பலவீனம் பஸ்ஸில் தெரியும். ஓடும் பஸ்ஸின் ஆசனத்தில் இருந்தபடி, கிப்லாவும் நிற்றலும் இல்லாமல் கடமையான பர்ளுத் தொழுகையைத் தொழுதால் ஷாபிஈ மத்ஹபில் அதைப் பின்னர் மீட்டித் தொழ வேண்டும். ஆகவே நீண்ட பயணத்தில் இதைவிடச் சேர்ப்பதே சிறந்தது. கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கோ பல வேளைகளில் இதுவே இலகு.

## ஒரு பார்வையில்

| | விளிம்பில் இரண்டும் | தக்தீம் | தஃகீர் | நேரத்தில், இயன்றபடி |
|---|---|---|---|---|
| காரணம் வேண்டுமா | வேண்டாம் | வேண்டும் | வேண்டும் | இயலாமை அளவுக்கு |
| நிய்யத் எப்போது | தனியாகத் தேவையில்லை | முதல் தொழுகைக்குள் | முதல் நேரத்துக்குள் | தேவையில்லை |
| மழைக்கு ஆகுமா | ஆகும் | ஆகும் | ஆகாது | வீட்டில் தொழலாம் |
| எங்கே பிழைக்கும் | கடிகாரம் பிசகினால் | இடைவெளி விழுந்தால் | ஊர் எல்லை தொட்டால் | பஸ் ஆசனத்தில் |
| யாருக்கு ஏற்றது | தொழிலாளி, கடைக்காரர் | புறப்படும் முன் தங்கியிருக்கும் பயணி, மழை ஜமாஅத் | ஓட்டத்தில் இருக்கும் பயணி | கட்டில் நோயாளி |

## பயணத்தில்

ஒரு பக்கத் தூரம் சுமார் 81 கிலோமீற்றர் இருக்க வேண்டும். சிலர் இதைவிடச் சற்றுக் கூட்டியும் கணிப்பார்கள். போக 50, வர 50 என்று கூட்டுவது பிழை. அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 65 கிலோமீற்றர், எனவே சேராது. கல்முனையிலிருந்து மட்டக்களப்பும் சேராது. காத்தான்குடியிலிருந்து பொத்துவில், திருகோணமலை, கண்டி, கொழும்பு எல்லாம் சேரும்.

எல்லை என்பது ஊரின் கடைசி வீடு. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது போல வீடுகள் விடாமல் தொடரும் கரையோரத்தில் அந்தத் தொடர் முழுவதையும் கடந்த பின் சேர்ப்பதே பேணுதல். போய்ச் சேரும் இடத்தில், போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக முழுதாக நான்கு நாள் தங்க முடிவு செய்துவிட்டால், அங்கே சேர்ந்ததும் சலுகை முடிந்தது. கொழும்பில் இரண்டு நாள் கிளினிக்குக்காக நிற்பவர் அங்கேயும் பயணிதான்.

மாலை பஸ்ஸில் ஏறுவோருக்கு: 6.00க்குப் புறப்பட்டு மஃரிப் வழியில் வந்தால், மஃரிப் நேரத்துக்குள்ளேயே தஃகீர் நிய்யத் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் தேத்தண்ணீர்க் கடைக்கு இரவு 10 மணிக்கு நின்றாலும் போதும், மஃரிப் மூன்று, இஷா இரண்டு. 8 மணிக்குப் பின் புறப்படுவோருக்கு இஷா ஏற்கெனவே நுழைந்திருக்கும், ஊர்ப் பள்ளியில் முழுமையாகத் தொழுதுவிட்டு ஏறுவதே நல்லது. வழியில் உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்கு ரக்அத் கட்டாயம்.

வெள்ளிக்கிழமை பயணி வழியில் ஜும்ஆ தொழுதால் அஸரைத் தக்தீமாகச் சேர்க்க ஷாபிஈ மத்ஹப் இடம் தருகிறது. ஜும்ஆவைப் பிற்படுத்த முடியாது.

## மாரி மழையில்

நவம்பர் முதல் ஜனவரி வரை இந்தக் கேள்வி பள்ளிவாசல்களில் எழுவது இயல்பு. ஷாபிஈ மத்ஹபில் மழைக்கு தக்தீம் மட்டும்தான். உடுப்பு நனையும் அளவு மழை, முதல் தொழுகையைத் தொடங்கும்போதும், அதில் ஸலாம் கொடுக்கும்போதும், இரண்டாவதைத் தொடங்கும்போதும் பெய்துகொண்டிருக்க வேண்டும். முகில் கறுத்திருப்பது போதாது. இரண்டாவதைத் தொடங்கிய பின் விட்டால் பாதகமில்லை. இது பள்ளிவாசலுக்கு நடந்து வந்து ஜமாஅத்தில் தொழுவோருக்கான சலுகை. வீட்டில் தொழும் பெண்களுக்கும், தனியாகத் தொழுபவருக்கும் இது இல்லை.

இமாமுக்கு ஒரு வார்த்தை. மஃரிபுக்கு முன்பே “மழைக்காகச் சேர்க்கிறோம், நிய்யத் வையுங்கள்” என்று அறிவித்துவிடுங்கள். ஸலாம் கொடுத்ததும் நீண்ட திக்ர், துஆ வேண்டாம், இகாமத் உடனே. இரண்டாம் தொழுகைக்கு முன் “இது இஷா” என்று மீண்டும் சொல்லாவிட்டால், தாமதித்து வருகிறவர் மஃரிப் என்று நினைத்துக் கையைக் கட்டிவிடுவார். இஷா நேரத்தில் பாங்கு சொல்லி, வருகிறவர்களுக்காக இன்னொரு ஜமாஅத்தையும் வைத்துவிட்டால் யாருக்கும் மனக்குறை இருக்காது.

தெருவில் வெள்ளம் நிற்கிறது, ஆனால் மழை விட்டுவிட்டது என்றால் சேர்ப்பைவிட வீட்டில் நேரத்தில் தொழுவதே தெளிவான வழி. குளிரோ மழையோ உள்ள இரவுகளில் உங்கள் இருப்பிடங்களிலேயே தொழுங்கள் என்று அறிவிக்கச் சொன்ன நபிவழி இப்னு உமர் (ரழி) வழியாக வந்திருக்கிறது.

## நோயில்

மதீனாவில் பயமோ மழையோ இன்றி நபி (ஸல்) அவர்கள் சேர்த்துத் தொழுதார்கள் என்றும், தம் சமுதாயத்தைச் சிரமப்படுத்தாதிருக்கவே அப்படிச் செய்தார்கள் என்றும் இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிப்பது முஸ்லிமில் உள்ளது. ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து நோய்க்காகச் சேர்க்கக் கூடாது என்பது. ஆனால் கத்தாபி, காழி ஹுஸைன் போன்ற அம்மத்ஹபின் அறிஞர்கள் ஆகும் என்றார்கள். இமாம் நவவி அந்தக் கருத்தை ஆதாரத்தால் மிக வலுவானது என்றார். ஹன்பலி மத்ஹபில் நோயாளிக்குத் தெளிவான அனுமதி உண்டு. பாலூட்டும் தாய், சிறுநீர் கட்டுப்படாதவர் ஆகியோருக்கும் அங்கே இடமுண்டு. இந்தத் துறையில் நோயாளியை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை என்பதே எமது உறுதியான எண்ணம். நவவி வலுப்படுத்திய கருத்தில் தாராளமாகச் சாயலாம்.

எதைத் தேர்வது? நோய் கூடும் நேரத்தைப் பாருங்கள். காய்ச்சல் அஸர் நேரத்தில் ஏறுமென்றால் தக்தீம், ளுஹர் நேரத்தில் ஏறுமென்றால் தஃகீர். டயாலிசிஸ் பொதுவாக ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். 11.30க்கு இணைத்து 3.30க்கு விடுவித்தால், கட்டிலில் இருந்தபடி ளுஹர் நேரத்துக்குள் தஃகீர் நிய்யத் வைத்து, முடிந்ததும் இரண்டையும் முழுமையாகத் தொழலாம். 2 மணி முதல் 6 மணி வரை என்றால் ஆஸ்பத்திரிக்குள் போகுமுன்பே தக்தீம். காலை 7 முதல் 11 வரை என்றால் எதையும் சேர்க்கத் தேவையே இல்லை. ஆகவே முறை ஒதுக்கும்போது காலை நேரம் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். ஊசி ஏறிய கையிலிருந்து இரத்தம் கசிவது ஷாபிஈ மத்ஹபில் வுழூவை முறிக்காது.

சிறுநீர்க் குழாய் பொருத்தியவருக்கு ஒரு நுணுக்கம்: ஷாபிஈ மத்ஹபில் ஒவ்வொரு பர்ளுக்கும் நேரம் நுழைந்த பின் தனி வுழூ வேண்டும். எனவே விளிம்பில் இரண்டையும் தொழுதாலும் வுழூ இரண்டு. வார்டில் கட்டிலைத் திருப்ப முடிந்தால், கிப்லா நேர் மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாகச் சுமார் 23 பாகை.

சத்திர சிகிச்சைக்கு ளுஹர் நுழையுமுன்பே மயக்க மருந்து கொடுத்து, அஸர் நேரத்தில் தெளிந்தால், அந்த நேரத்துக்குள் ளுஹரையும் அஸரையும் வரிசையாகத் தொழ வேண்டும்.

## தொழிலுக்காக

இப்னு ஸீரீன், மாலிகி மத்ஹபின் அஷ்ஹப், ஷாபிஈ மத்ஹபின் மூத்த கப்பால் ஷாஷி போன்ற சிலர், வழக்கமாக்கிக் கொள்ளாதவர் தேவைக்காக ஊரிலேயே சேர்க்கலாம் என்றார்கள் என நவவி முஸ்லிமின் விரிவுரையில் எடுத்துக் கூறுகிறார். நிபந்தனையைக் கவனியுங்கள், வழக்கமாக்கிக் கொள்ளாதவர். நீண்ட சத்திர சிகிச்சையில் நிற்கும் வைத்தியர், அவசர நோயாளியை ஏற்றிச் செல்லும் அம்புலன்ஸ் சாரதி போன்றோருக்கு எப்போதாவது இது கைகொடுக்கும். சந்தை நாளில் கூட்டம் அதிகம் என்பதற்காகக் கிழமைக்கு மூன்று தடவை சேர்ப்பவருக்கு இதில் எந்த இடமும் இல்லை. அவருக்கு வழி 1 திறந்தே இருக்கிறது.

## தவறிப்போனால்

தக்தீமில் இடைவெளி நீண்டுவிட்டது, அல்லது இரண்டுக்கும் நடுவில் சொந்த ஊருக்குள் பஸ் நுழைந்துவிட்டது என்றால், முதல் தொழுகை செல்லும். அஸரை அதன் நேரம் வந்ததும் தொழுதால் போதும். இரண்டையும் தொழுது முடித்த பின் ஊருக்குள் வந்து சேர்ந்தால் அஸரை மீட்டத் தேவையில்லை. தொழுது முடித்த பின், முதலாவதில் ஒரு ருக்னு (கட்டாய அம்சம்) விடுபட்டது நினைவுக்கு வந்தால் இரண்டையும் மீண்டும் தொழ வேண்டும், விரும்பினால் சேர்த்தே தொழலாம். இரண்டாவதில் விடுபட்டது உடனே நினைவுக்கு வந்தால் அதை மட்டும் பூரணமாக்கலாம். நேரம் நீண்டுவிட்டால் அதை அதன் சொந்த நேரத்தில் தொழ வேண்டும்.